பள்ளிக்கூடத்திலிருந்து சட்டமன்றத்துக்கு: ராவ்பகதூர் எம்.சி. ராஜாவின் பொதுவாழ்வு

ஒரு சமுதாயம் எழுந்து நிற்கத் தொடங்கும் காலத்தில் அதன் முதல் தலைவர்கள் எங்கிருந்து வருகின்றனர்? நிலமும் பொருளும் உடைய சமுதாயங்களுக்கு நிலக்கிழார்களும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் தலைவர்களாக அமைந்தனர். நிலமின்றி, பொருளின்றி, எழுத்தும் மறுக்கப்பட்டுக் கிடந்த மக்களுக்கோ பள்ளி ஆசிரியர்களே பெரும்பாலும் முதல் தலைவர்களாயினர். படித்தவர் சிலரே இருந்த இடத்தில், அச்சிலரும் செய்யக் கிடைத்த தொழில் ஆசிரியத் தொழில் ஒன்றே என்பது இதற்கு ஒரு காரணம். ஆட்சியாளரின் மொழியையும் தம் மக்களின் துயரையும் ஒருங்கே அறிந்தவர் ஆசிரியரே என்பது மற்றொரு காரணம்.

உலக வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது. மேற்கு ஆப்பிரிக்காவை எடுத்துக்கொள்வோம். கானா நாட்டை 1957ஆம் ஆண்டு விடுதலைக்கு அழைத்துச் சென்ற குவாமே நிக்ருமா, அச்சிமோட்டாவில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பாடம் சொன்னவர். நைஜீரியாவின் முதல் பிரதமரான அபூபக்கர் தஃபாவா பலேவா, பவுச்சி நகரில் ஆசிரியராக இருந்தவர். மாலி நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான மோடிபோ கெய்ட்டாவும் ஆசிரியரே. கரும்பலகையின் முன் நின்ற இவர்கள் நாட்டின் முன் நின்ற வரலாற்றைப் படிக்கும்போது, நம் சமுதாயத்திலும் அவ்வாறு ஒருவர் தோன்றினார் என்பதும், அவர் நம் வாயிலுக்கு அண்மையிலேயே தோன்றினார் என்பதும் நினைவுக்கு வருதல் வேண்டும்.

அவரே மயிலை சின்னத்தம்பி ராஜா. ராவ்பகதூர் எம்.சி. ராஜா என்று நாடு அறிந்த பெருமகனார். நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அவருடைய பொதுவாழ்வைச் சுருங்கக் கூறுவது பொருத்தமெனக் கருதுகிறோம். புகழுரை கூறுவது மட்டும் நம் நோக்கமன்று. அவர் வென்ற இடங்களையும், அவர் நம்பி ஏமாந்த இடத்தையும் நம் இளைஞர்கள் ஒருசேர அறிய வேண்டும் என்பதே நம் நோக்கம்.

பிறந்த மண்

எம்.சி. ராஜா 1883ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் பரங்கிமலையில் பிறந்தார். பரங்கிமலை நமக்கு அயலூர் அன்று. மேடவாக்கத்திலிருந்து கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை அவ்வூர்ப் பக்கமே நம்மைக் கொண்டு சேர்க்கின்றது. மேடவாக்கம் நெடுங்காலமாக இடம்பெற்று வந்த ஊராட்சி ஒன்றியமும் அம்மலையின் பெயராலேயே, புனித தோமையார் மலை ஒன்றியம் என்று வழங்கி வந்தது. ஆயினும் அம்மலையடியில் பிறந்து இந்தியப் பேரவை வரை சென்ற நம்மவர் ஒருவரை நம் பிள்ளைகளுள் பலர் அறியாதிருக்கின்றனர்.

அவர் பிறந்த நாளில் இப்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அன்றைய செங்கற்பட்டுச் சேரிகளின் நிலையை அறிய நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அம்மாவட்டத்தின் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1891ஆம் ஆண்டு அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உழைக்கும் மக்கள் தாம் குடியிருக்கும் குடிசையின் தரைக்குக்கூட உரிமையற்றவராய் இருப்பதையும், வாங்கிய சிறு கடனுக்காகப் பண்ணையாட்களாய்த் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடப்பதையும், தரிசு நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்தாலும் ஊர் மிராசுதாரர் குறுக்கே நிற்பதையும் அவர் விரித்துரைத்தார். அதன் விளைவாகவே 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் பேசுவதன் தோற்றுவாய் அதுவே. ராஜா சிறுவனாயிருந்தபோது அவரைச் சுற்றி இருந்த உலகம் இத்தகையது.

பரங்கிமலையோ படைமுகாம் அமைந்த ஊர். படையோடும் ஆங்கிலேயர் நிறுவனங்களோடும் தொடர்புற்ற வேலைகள் நம் மக்களிற் சிலருக்குப் பண்ணை வேலைக்கு அப்பால் ஒரு வழியைத் திறந்துவிட்டன. ராஜாவின் தந்தையார் மயிலை சின்னத்தம்பி பிள்ளை, லாரன்ஸ் அசைலம் என்னும் நிறுவனத்தில் மேலாளராகப் பணியாற்றியவர். கூலிக்கு ஏர் பிடிக்காமல் எழுதுகோல் பிடித்த தந்தைக்குப் பிறந்தமையால் மகனுக்குப் பள்ளிக்கூடம் எட்டியது. ஒரு தலைமுறையின் சிறு முன்னேற்றம் அடுத்த தலைமுறையின் பெருவாழ்வுக்கு அடிப்படையாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கற்றலும் கற்பித்தலும்

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் வெஸ்லி கல்லூரியிலும் பயின்ற ராஜா, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இன்று நம் அண்மையில் தாம்பரத்தில் பரந்து விளங்கும் அக்கல்லூரி அக்காலத்தில் சென்னைக் கோட்டைக்கு அருகே, பாரிமுனைப் பகுதியில் இருந்தது. 1937ஆம் ஆண்டில்தான் அது தாம்பரத்துக்கு வந்தது.

நம் மக்களுக்கென்று பள்ளிகள் மிக அரிதாக இருந்த காலம் அது. கிறித்துவ சபையார் நடத்திய பள்ளிகளும், கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் தொடங்கிய இலவசப் பள்ளியைப் போன்றனவுமே எழுத்தறிவின் வாயிலாயிருந்தன. பொதுப்பள்ளிகள் சட்டப்படி யாவர்க்கும் உரியன. ஆனால் அப்பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும், கோயிலை அடுத்தும், ஊர்ச்சாவடியிலும் நடந்தன. அத்தெருவில் கால் வைக்க முடியாத பிள்ளைக்குப் பள்ளியின் கதவு திறந்திருந்து பயன் என்ன? இவ்வினாவை ராஜா ஓர் ஆசிரியராக இருந்து எண்ணிப் பார்த்தவர். பிற்காலத்தில் அவர் பள்ளியைப் பற்றிப் பேசியபோதெல்லாம் தெருவைப் பற்றியும் பேசியதன் காரணம் இதுவே.

பட்டம் பெற்ற பின் அவர் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பாடநூல்களும் எழுதினார். ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து சிறு குழந்தைகளுக்கான பாட்டுகளையும் விளையாட்டுகளையும் தொகுத்து அவர் ஆக்கிய ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்னும் நூல் குறிப்பிடத்தக்கது. நாட்டு மக்கள் வாய்மொழியாகப் பாடி வந்த குழந்தைப் பாட்டுகள் அச்சேறிப் பள்ளிக்குள் நுழைவதற்கு ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு ஆசிரியரின் கையும் துணை செய்தது என்பதை நாம் பெருமையோடு நினைவு கூரலாம்.

பெயரும் தெருவும்

1916ஆம் ஆண்டு ராஜா ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். அவருக்கு முன்னரே பண்டித அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனாரும் 1890களில் சபைகளையும் ஏடுகளையும் கண்டு பாதை வகுத்திருந்தனர். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்ததும் இதே 1916ஆம் ஆண்டில்தான். சகஜானந்தர் பள்ளியை நிறுவிப் பின்னர் சட்டமன்றத்துக்குச் சென்றவர். ராஜாவோ பள்ளியில் பணியாற்றிப் பின்னர் சட்டமன்றத்துக்குச் சென்றவர். இருவர்க்கும் வழி ஒன்றே.

தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது நீதிக்கட்சி, தோன்றியபோது ராஜா அதில் முன்னணியில் நின்றார். மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் அவர் இடம்பெற்றார். சட்டமன்றத்தில் அக்கட்சியின் துணைத் தலைவராகவும் விளங்கினார்.

அங்கு அவர் செய்த பணிகளுள் முதன்மையானது பெயர் பற்றியது. அரசு ஆவணங்களிலும் பள்ளிப் பதிவேடுகளிலும் நம் மக்கள் ‘பறையர்’ என்றும் ‘பஞ்சமர்’ என்றும் குறிக்கப்பட்டனர். அச்சொற்கள் பிறர் வாயில் வசையாகவே வழங்கின. அவற்றை நீக்கித் தமிழ்ப் பகுதிகளில் ‘ஆதிதிராவிடர்’ என்றும், தெலுங்குப் பகுதிகளில் ‘ஆதி ஆந்திரர்’ என்றும் குறிக்க வேண்டும் என ராஜா கொணர்ந்த தீர்மானம் 1922ஆம் ஆண்டு சனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் அரசாணையும் வெளிவந்தது.

பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா என்று அன்றும் சிலர் கேட்டனர். இன்றும் கேட்பவர் உளர். ஆசிரியர் ஒருவர்க்கு இதன் விடை நன்கு தெரியும். ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டில் பெயர் அழைக்கப்படுகின்றது. அழைக்கப்படும் குழந்தை தலை நிமிர்ந்து நிற்கின்றதா, தலை குனிந்து நிற்கின்றதா என்பதில் அதன் கல்வியே அடங்கியிருக்கின்றது. மேலும் ‘ஆதி’ என்னும் அடைமொழி, இந்நாட்டில் நாம் பின்னர் வந்து ஒண்டியவர் அல்லர், முன்னரே இருந்தவர் என்னும் உரிமை முழக்கத்தைத் தன்னுள் கொண்டிருந்தது.

பெயருக்குப் பின் தெரு. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுச் சத்திரம் ஆகியவற்றை நம் மக்கள் பயன்படுத்தும் உரிமைக்காகச் சட்டமன்றத்தில் நம் உறுப்பினர்கள் தொடர்ந்து குரல் எழுப்பினர். இரட்டைமலை சீனிவாசனாரும் கோயமுத்தூர் ஆர். வீரையனும் 1924, 1925ஆம் ஆண்டுகளில் இதற்காக ஆற்றிய பணி பெரிது. ஆயினும் தீர்மானமும் அரசாணையும் சட்டத்துக்கு ஈடாகா என்பதை ராஜா கண்டார். ஆணையை மீறியவனைத் தண்டிக்க வழியில்லை எனில், கிணற்றங்கரையில் தடியோடு நிற்பவனே சட்டமாவான். இக்குறையைப் பின்னாளில் அவரே தீர்த்து வைத்ததைக் கீழே காண்போம்.

புளியந்தோப்பும் கட்சியைத் துறந்தமையும்

1921ஆம் ஆண்டு பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். கடனிலும் பசியிலும் கிடந்த அவர்களால் நெடுநாள் வேலையின்றி இருத்தல் இயலாததாயிற்று. இதனால் எழுந்த பகை சாதிக் கலவரமாக உருவெடுத்தது. புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நிகழ்ந்தன. அந்நேரத்தில் நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர், அரசு ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே கலவரத்துக்குக் காரணம் எனக் குற்றம் சாட்டினர்.

வீடிழந்தவர் மீதே பழி விழுந்ததை ராஜாவால் பொறுக்க இயலவில்லை. அரசுப் பதவிகளில் பார்ப்பனரல்லாதார்க்கு இடம் வகுத்த நீதிக்கட்சி அரசு, அதில் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனிப்பங்கு வகுக்காததும் அவரைப் புண்படுத்தியது. 1923ஆம் ஆண்டு தம்மவரோடு கட்சியை விட்டு வெளியேறினார். ‘நாம் எல்லோரும் பார்ப்பனரல்லாதார்’ என்னும் பொதுப்பெயருக்குள் நம் தனித்துயர் கரைந்து மறைந்துவிடும் என்னும் அச்சம் அவருக்கு அன்று தோன்றியது. இது வரலாற்றில் நாம் மீண்டும் மீண்டும் கண்ட உண்மையாகும்.

அகில இந்திய அரங்கில்

1925ஆம் ஆண்டு ராஜா ‘ஒடுக்கப்பட்ட இந்துக்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். நம்மைப் பற்றி அதுவரை ஆங்கிலத்தில் எழுதியவர் பெரும்பாலும் பாதிரிமாரும் அதிகாரிகளும் ஆவர். இப்போது நம்மவரே நம்மைப் பற்றி எழுதினார்.

1926இல் தோன்றிய அகில இந்தியத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சங்கத்துக்கு அவர் தலைவரானார். 1927இல் மத்திய சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அங்கு தாழ்த்தப்பட்டோர் சார்பில் அமர்ந்த முதல் உறுப்பினர் என்னும் சிறப்பைப் பெற்றார். சைமன் குழுவோடு இணைந்து பணியாற்ற, சர் சங்கரன் நாயர் தலைமையில் அமைந்த இந்திய மத்தியக் குழுவிலும் அவர் ஓர் உறுப்பினர். 1930ஆம் ஆண்டு ஜே. சிவசண்முகம் பிள்ளை, ராஜாவின் வாழ்க்கையையும் உரைகளையும் தொகுத்து நூலாக்கினார். அச்சிவசண்முகம் பிள்ளையே பின்னர்ச் சென்னை மாநகர மேயராகவும், சென்னைச் சட்டமன்றத்தின் சபாநாயகராகவும் உயர்ந்தவர்.

1932: ஒரு சமுதாயம், இரு வழிகள்

இனி, ராஜாவின் வாழ்வில் மிகுந்த வாதத்துக்கு உள்ளான பகுதிக்கு வருகிறோம். இதனை இளைஞர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இன்று தேர்தலில் ‘தனித்தொகுதி’ என்று நாம் வழங்குவது, வேட்பாளர் மட்டும் நம்மவராயிருக்க, அத்தொகுதியின் எல்லாச் சாதியாரும் வாக்களிக்கும் முறையாகும். 1932இல் வாதத்துக்குரியதாயிருந்த தனி வாக்காளர் முறை இதனின் வேறானது. அதில் நம் பிரதிநிதியை நாம் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்போம். பிறர் வாக்கு அதில் கலவாது.

1930இல் லண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் அழைக்கப்பட்டனர். ராஜா அழைக்கப்படவில்லை. தனி வாக்காளர் முறை வேண்டுமென அம்பேத்கர் உறுதியாக வாதிட்டார். அதற்கு முன்னர் அம்முறையை ஆதரித்திருந்த ராஜா, 1932ஆம் ஆண்டு தொடக்கத்தில் தம் நிலையை மாற்றிக்கொண்டு, இந்து மகாசபைத் தலைவர் டாக்டர் மூஞ்சேயுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். மக்கள்தொகைக்கேற்ப இடங்களை ஒதுக்கிக்கொண்டு, கூட்டு வாக்காளர் முறையை ஏற்பதே அதன் சாரம். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிந்து கிடப்பது போதாதென்று வாக்குச் சாவடியிலும் பிரிந்து நிற்க வேண்டுமா என்பது அவர் வாதம். ஊரார் வாக்கால் வருபவன் ஊராரின் ஆளாகத்தானே இருப்பான் என்பது அம்பேத்கர் தரப்பின் வாதம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அளித்த வகுப்புத் தீர்ப்பு, தாழ்த்தப்பட்டோர்க்கு மாகாண சபைகளில் 71 இடங்களைத் தனி வாக்காளர் முறையில் வழங்கியது. பொதுத் தொகுதியிலும் வாக்களிக்கும் உரிமை இருந்தமையால் இஃது இரட்டை வாக்குரிமை எனப்பட்டது. இதனை எதிர்த்துக் காந்தியடிகள் யரவதா சிறையில் செப்டம்பர் 20ஆம் நாள் சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அம்பேத்கர், சீனிவாசனார், ராஜா ஆகிய மூவரும் அதில் கையெழுத்திட்டனர். இடங்கள் 71இலிருந்து 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் கிடைத்தன. தனி வாக்காளர் முறையோ கைவிடப்பட்டது. நால்வரை நம் மக்களே முதலில் தேர்ந்து நிறுத்த, அந்நால்வருள் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அதன் இடத்தில் வைக்கப்பட்டது.

எண்ணிக்கை பெருகியது, உரிமையின் தன்மை மாறியது. பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா என்பது அன்று தொட்டு நம்மவர் மன்றங்களில் ஓயாத வாதம். அதற்கு ஆறே ஆண்டுகளில் ஒரு சோதனை வந்தது. அச்சோதனைக்கு உள்ளானவர் ராஜாவே.

1938: இரு மசோதாக்கள்

1937ஆம் ஆண்டு தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. ஒதுக்கப்பட்ட 30 இடங்களிலும் பெரும்பாலானவற்றை அக்கட்சியே வென்றது. காங்கிரஸ் உடனே பதவி ஏற்க மறுத்தமையால், ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால அமைச்சரவை நடந்தது. அதில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சராயிருந்தார். அதன் பின் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. ராஜா சட்டசபை உறுப்பினராகத் தம் பணியைத் தொடர்ந்தார்.

1938இல் அவர் கொணர்ந்த இரு மசோதாக்கள் நம் நினைவில் நிற்க வேண்டியவை. ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது.

வென்றது சமூகத் தடைகளை அகற்றும் மசோதா. அது 1938ஆம் ஆண்டின் சட்டமாயிற்று. பொதுநீர்நிலை, கிணறு, சாலை, ஊர்தி, அரசுப் பணத்தால் நடக்கும் நிறுவனம் ஆகியவற்றைச் சாதி காரணமாக எவர்க்கும் மறுத்தல் ஆகாது என அது விதித்தது. மறுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ‘இது ஊர் வழக்கம்’ என்று சொல்லி நீதிமன்றத்தின் துணையைப் பெறும் வழியும் அடைக்கப்பட்டது. 1924இல் தீர்மானமாகவும் ஆணையாகவும் நின்றது, 1938இல் தண்டிக்கும் ஆற்றல் உடையதாயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் பிரிவும், 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நடந்த பாதையில், சென்னை மாகாணத்தில் இடப்பட்ட முன்னடி இதுவாகும்.

தோற்றது ஆலய நுழைவு மசோதா. மாகாணம் முழுவதும் கோயில்களில் தாழ்த்தப்பட்டோர் நுழைய வழிகாண விரும்பினார் ராஜா. பூனாவில் கையெழுத்திட்டபோது, இந்துத் தலைவர்கள் தீண்டாமையை ஒழிக்கவும் ஆலயங்களைத் திறக்கவும் வாக்களித்திருந்தனர். அவ்வாக்கை நம்பியே அவர் கூட்டு வாக்காளர் முறையின் பக்கம் நின்றார். ஆனால் மசோதா சபையின் முன் வந்தபோது பிரதமர் ராஜாஜி, அதனை இப்போது வற்புறுத்த வேண்டா என்றார். மலபார் பகுதிக்கு மட்டும் தாமே ஒரு மசோதா கொணரப் போவதாகக் கூறினார். ராஜா இணங்கவில்லை. வாக்கெடுப்பில் மசோதா வீழ்ந்தது. ஒதுக்கப்பட்ட இடங்களிலிருந்து காங்கிரஸ் சார்பில் வந்திருந்த நம்மவரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்கி, அதனை ஆதரிக்க இயலாதவராயினர்.

ராஜா மனம் நொந்து காந்தியடிகளுக்கு எழுதினார். ராஜாஜியை நம்புமாறு காந்தியடிகள் அவருக்கு விடை எழுதினார். அதன்பின் மலபார்ச் சட்டம் வந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நம் மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அவ்வாண்டே அதற்குப் பாதுகாப்பளிக்கும் சட்டமும் பிறந்தது. ஆனால் மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. ராஜாவின் மசோதா வீழ்ந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இறுதிக் காலம்

1942ஆம் ஆண்டு ஸ்டாபோர்டு கிரிப்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது, அவரைச் சந்திக்க அம்பேத்கரும் ராஜாவும் இணைந்தே சென்றனர். கிரிப்சின் திட்டம் தாழ்த்தப்பட்டோர்க்குப் பெருந்தீங்கு விளைக்கும் என்று இருவரும் ஒருமித்து எழுத்து வாயிலாகத் தெரிவித்தனர். 1932இல் எதிரெதிர் நின்ற இருவர் பத்தாண்டுக்குப் பின் ஒரே தாளில் ஒப்பமிட்டனர். மறுஆண்டு, 1943 ஆகஸ்ட் 20ஆம் நாள், ராஜா தம் அறுபதாம் அகவையில் மறைந்தார். சென்னை சைதாப்பேட்டையில் அவர் பெயரால் விளங்கும் கல்லூரி மாணவர் விடுதி, ஊர்களிலிருந்து படிக்க வந்த நம் பிள்ளைகள் பலர்க்கு உறைவிடமாயிற்று. ஓர் ஆசிரியர்க்கு இதனினும் ஏற்ற நினைவுச்சின்னம் வேறில்லை.

நாம் பெறும் பாடம்

ராஜாவைக் கூட்டு வாக்காளர் முறைக்கு இசைந்தவர் என்று ஒதுக்கித் தள்ளுவோர் உளர். அவரைப் பற்றிக் குறையே கூறலாகாது என்போரும் உளர். இரண்டும் வரலாற்றுக்கு நீதி செய்வன அல்ல. 1932இல் அவர் எடுத்த முடிவை ஏற்க மறுக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் இன்று நம் நாட்டில் நடப்பது, ஒதுக்கப்பட்ட இடமும் கூட்டு வாக்கும் சேர்ந்த முறையே ஆகும். பூனாவில் வைக்கப்பட்ட, நால்வரை நாமே தேர்ந்து நிறுத்தும் முதற்கட்டத் தேர்தலும் இப்போது இல்லை. ஆகவே ராஜா கேட்ட ஏற்பாட்டில்தான் நாம் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். அவருக்கு 1938இல் நேர்ந்த சோதனையும் நமக்கு உரியதே.

அச்சோதனை சொல்வது என்ன? நம் பெயரால் ஒருவர் சபையில் அமர்ந்துவிட்டால் மட்டும் போதாது. நமக்குரிய கேள்வி எழும் நாளில் அவர் வாய் திறக்கின்றாரா, கை உயர்த்துகின்றாரா என்பதைக் கவனிக்கும் மக்கள் வெளியில் இருத்தல் வேண்டும். மசோதா எது, திருத்தம் எது, வாக்கெடுப்பில் யார் எப்பக்கம் நின்றார் என்று படித்தறியும் மக்கள் இருத்தல் வேண்டும். 1938இல் சேரிகளில் அத்தகையோர் மிகச் சிலரே இருந்தனர். சபைக்குள் ராஜா தனித்து நின்றதற்கு, சபைக்கு வெளியே நம் மக்கள் எழுத்தறிவின்றிக் கிடந்ததும் ஒரு காரணமன்றோ?

நம் கழகம் இக்கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பணியில் ஈடுபட்டிருப்பதன் பொருளை இங்குக் காண வேண்டும். வேலை பெறுவதற்குக் கல்வி வேண்டும் என்பது உண்மை. நம்மை ஆள்வோரிடம் கணக்குக் கேட்பதற்கும் கல்வி வேண்டும் என்பது அதனினும் பெரிய உண்மை. அரசாணையைப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞனும், கிராம சபையில் எழுந்து வினவத் தெரிந்த ஒரு பெண்ணும், பஞ்சமி நிலத்தின் பட்டாவைப் பதிவேட்டில் தேடிப் பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரும் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்களாயின், நம் பிரதிநிதி எக்கட்சியினராயினும் நம்மை மறந்து அமர்ந்திருத்தல் இயலாது.

இளைஞர்களே! பரங்கிமலை நமக்கு அண்மையில் இருக்கின்றது. அங்குப் பிறந்த ஆசிரியர் ஒருவர் பெயருக்காகவும், தெருவுக்காகவும், கிணற்றுக்காகவும், கோயில் வாயிலுக்காகவும் வாழ்நாள் முழுவதும் வாதாடினார். சிலவற்றில் வென்றார், சிலவற்றில் தனித்து நின்று தோற்றார். அவர் போல் இன்னொருவர் நம்மிடையே எழுந்து பேசும் நாளில் அவர் தனித்து நிற்கா வண்ணம் பார்த்துக்கொள்வதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றிக்கடனாகும்.